கையிலே ஒரு கோள்சொல்லி

மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் மலைக்கு ஏறி வருகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் ஒரு நீண்ட மூச்சு விடுவார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்ட சுகத்தில் விடுகிற மூச்சு என்று நீங்கள் நினைத்தால், அது பழைய கதை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்று ஒரு சீட்டு ஏற்பட்டது. அதைக் காட்டிச் சாவடியைத் தாண்டிவிட்டோமே என்கிற நிம்மதி மூச்சு அது!

அந்த வருஷத்துக் கோடையில் என் மனைவியின் அண்ணன் கோயமுத்தூரிலிருந்து குடும்ப சமேதராகக் குன்னூருக்கு வந்து சேர்ந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"இது என்ன அநியாயம், மாப்பிள்ளை! தங்கை வீட்டுக்கு வருகிறவன், எந்த வண்டியில் வருகிறேன், எத்தனை பேர் வருகிறோம், எத்தனை நாள் இருப்போம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டுமா? மனிதனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று வேண்டாமா?" என்றார்.

"மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டிகள் ஏற வேண்டும் என்று கணக்கெடுக்கிறார்கள், மச்சான். உங்களைக் கேட்டுத்தானே விவரம் வாங்கினார்கள்? எதற்கு என்பதையும் சொல்லித்தானே கேட்டார்கள்?" என்றேன்.

அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் சூடாக ஒரு தம்ளர் தேநீர் உள்ளே போனதும் கோபம் இறங்கியது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்த வேடிக்கையைப் பாருங்கள். பர்லியாறில் மங்குஸ்தான் வாங்க வண்டியை நிறுத்தினோம். 'அடடா, ஸ்வெட்டரை எடுத்து வைக்க மறந்துவிட்டோமே' என்று இவளிடம் சொன்னேன். அவ்வளவுதான்! ஊட்டியில் கம்பளிச் சட்டை விற்கும் கடை விளம்பரம் வந்து நிற்கிறது. ஒட்டுக் கேட்கிறது மாப்பிள்ளை, ஒட்டுக் கேட்கிறது! என்ன சாமர்த்தியம்!"

சாவடிக் காவலரைப் பற்றிப் பேசியபோது குரலில் இருந்த கோபம் இப்போது எங்கே போயிற்று என்று நான் யோசித்துக் கொண்டிருந்தேன். சட்டைப் பைக்குள் ஓர் ஒற்றன் இருக்கிறான் என்று அவரே சொல்கிறார். சொல்லும்போது ஒருவிதப் பெருமையும் பட்டுக்கொள்கிறார்!

* * *

உண்மையில் அந்தக் கைபேசி ஒட்டுக் கேட்கவில்லை. இந்தச் சந்தேகம் உலகம் பூராவும் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிக்கப் புறப்பட்டார்கள். 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. திரையில் நாம் செய்வதைப் படம் பிடித்து வெளியே அனுப்பிய செயலிகள் மட்டும் அகப்பட்டன!

அப்படியானால் ஸ்வெட்டர் சமாசாரம் எப்படித் தெரிந்தது? யோசித்துப் பாருங்கள். கோயமுத்தூரில் வசிக்கிற ஒருவர், மே மாதத்தில், காலை வேளையில், நாலைந்து கைபேசிகள் கூடவே நகர்ந்து வர, கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும் என்று சொல்வதற்கு ஜோசியரா வேண்டும்? அவருக்கு முன்னால் அதே பாதையில் ஏறிய ஆயிரக்கணக்கான பேர் மேலே போய்ச் சேர்ந்ததும் எதைத் தேடினார்கள், எதை வாங்கினார்கள் என்ற கணக்கு ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது. நாம் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நம் கால்களே சொல்லிவிடுகின்றன.

இந்தக் கணக்கையெல்லாம் எந்தப் பெயரில் எழுதி வைக்கிறார்கள் தெரியுமா? பெயரே வேண்டாம். ஒவ்வொரு கைபேசிக்கும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுள் கொடுக்கிறது. ஐபோனுக்கு ஆப்பிள் கொடுக்கிறது. மாட்டின் காதில் மஞ்சள் வில்லை அடித்துவிடுகிறார்கள் அல்லவா, அது போலத்தான். வில்லையில் மாட்டின் பெயர் லக்ஷ்மியா கோமதியா என்று எழுதியிருக்காது. ஆனால் எந்தத் தொழுவத்து மாடு, எப்போது ஊசி போட்டார்கள் என்பதை எல்லாம் அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். பல செயலிகள் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தாங்கள் பார்த்ததை அதன் கீழே குறித்துக்கொண்டே போகின்றன. ஒரு செயலி நீங்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கிறது; இன்னொன்று நீங்கள் வாங்கிய பொருளைக் குறிக்கிறது; மூன்றாவது நீங்கள் தூங்காமல் விழித்திருந்த நேரத்தைக் குறிக்கிறது. எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வந்து சேர்ந்தால் அது ஒரு மனிதரின் ஜாதகம் ஆகிவிடுகிறது.

எங்கள் மலையில் ராத்திரி வெளியே போக டார்ச் விளக்கு இல்லாமல் முடியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை படுத்திருக்கும், கரடியும் உலாவும். ஆகவே டார்ச் என்றால் எங்களுக்கு உயிர்த்துணை மாதிரி. அந்த டார்ச்சும் கோள் சொல்லியிருக்கிறது. கைபேசியை டார்ச்சாக மாற்றித் தருகிற ஓர் இலவசச் செயலி அமெரிக்காவில் பிரபலமாக இருந்தது. கோடிக்கணக்கான தடவை அதை இறக்கிக்கொண்டார்கள். அது விளக்கை எரித்ததோடு நிற்காமல், ஆள் நிற்கும் இடத்தையும் கைபேசியின் அடையாளத்தையும் விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2013 டிசம்பரில் வெளிப்படுத்தியது. 'சம்மதமா, இல்லையா?' என்று ஒரு கேள்வி திரையில் வருமாம். ஆனால் ஜனங்கள் பதில் சொல்வதற்கு முன்பே விவரம் போய்ச் சேர்ந்துவிடுமாம்!

* * *

இப்படிச் சேரும் விவரம் எப்படிக் காசாகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. தொழிற்சாலைகளிலிருந்து வரும் தூளைத் தரகர்கள் லாட் லாட்டாகப் பிரித்துப் பட்டியல் போடுவார்கள். வாங்குகிறவர்களுக்கு மாதிரி போகும். அவர்கள் கொதிநீரில் போட்டு, கரண்டியால் 'சர்ர்' என்று உறிஞ்சி, நிறம், மணம், காரம் பார்த்து, மனசுக்குள் ஒரு விலை போட்டுக்கொள்வார்கள். பிறகு ஏலம். முன்பு சுத்தியல் தட்டினார்கள். இப்போது கணினித் திரையிலே நடக்கிறது.

கைபேசியிலும் இதே மாதிரி ஏலம் நடக்கிறது. மச்சான் காலையில் செய்தி படிக்க ஒரு செயலியைத் திறக்கிறார். பக்கம் முழுசாகத் தெரிவதற்குள், அதில் விளம்பரத்துக்கென்று காலியாக விட்டிருக்கும் கட்டம் ஏலத்துக்குப் போகிறது. 'இன்ன எண்ணுள்ள கைபேசி, இன்ன ஊரில் இருக்கிறது, இன்ன விலை போன், இன்ன வயசு இருக்கலாம், இன்ன இன்ன விஷயங்களில் ஆசை' என்று மாதிரிப் பொட்டலம் எல்லாருக்கும் போகிறது. வேண்டியவர்கள் விலை கேட்கிறார்கள். அதிகம் கேட்டவருடைய விளம்பரம் கட்டத்தில் வந்து உட்காருகிறது. இவ்வளவும் ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்தில்! கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏலம் விட்டாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏலத்தில் ஜயித்தவர் ஒருவர்தான். ஆனால் மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் உங்கள் ருசி தெரிந்துவிட்டது. அவர்கள் அதை மறந்துவிடுவார்கள் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

எங்கள் மலையில் சிறு தேயிலை விவசாயிகள், தாங்கள் பறித்துக் கொடுக்கும் பச்சை இலைக்குக் கிலோவுக்கு நியாயமான விலை வேண்டும் என்று பல காலமாகப் போராடி வருகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். 'என் இலை, என்ன விலைக்குப் போயிற்று?' என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, கேட்கிறார்கள். ஆனால் தினமும் நூறு தடவை தம்மையே ஏலத்தில் விடுகிறார்களே, அதற்கு என்ன விலை, யார் வாங்கினார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? லாட்டாக வைக்கப்பட்டவருக்கு மட்டும் அந்த ஏலக் கூடத்தில் இடமில்லை!

* * *

"போகட்டும் ஐயா! நமக்கு வேண்டிய சட்டையைத்தானே காட்டுகிறான்? இதில் என்ன குடி முழுகிப் போயிற்று?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், அடுத்த வருஷம் நடந்த ஒரு சம்பவம் காதில் விழும் வரையில்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே ஓர் எஸ்டேட் இருக்கிறது. அங்கே கொழுந்து பறிக்கிற அம்மாள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியோடு வந்து பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரே மகள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தம் மார்பில் ஏதோ கட்டி போல் தட்டுப்படுவதை அந்த அம்மாள் கவனித்திருக்கிறார். இங்கே பார்த்த டாக்டர், கோயமுத்தூருக்குப் போய்ச் சோதனை செய்துவிட வேண்டும் என்று சொன்னார். புருஷனுக்கும் என் மனைவிக்கும் மட்டும் விஷயம் தெரியும். "பரீட்சை முடியற வரைக்கும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது அக்கா. ஒரு மாசம். அப்புறம் நானே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. பயம் யாரை விட்டது? எல்லாரும் தூங்கின பிறகு அந்த அம்மாள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டி என்றால் என்ன, எத்தனை விதம், பிழைக்க வழி உண்டா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்திருக்கிறார். காலையில் அதே கைபேசியை மகள் எடுத்துக்கொள்வாள், பாடம் கேட்பதற்கு.

ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவில் புற்றுநோய் ஆஸ்பத்திரி விளம்பரம் வந்தது. மறுநாள் அதே வியாதிக்கான இன்ஷூரன்ஸ் விளம்பரம். அப்புறம் இன்னொன்று. ஒருமுறை என்றால் தற்செயல், தினமும் வந்தால்? பெண் கெட்டிக்காரி. அம்மா சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாததையும், அப்பா கோயமுத்தூர் பஸ் நேரம் விசாரித்ததையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். ரஸாயனப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அம்மா, உனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

"யாருடி சொன்னது?"

"போன்தான் சொல்லிச்சு."

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. பகவான் புண்ணியத்தில், சோதனையில் அது கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்தது. பெண்ணும் பரீட்சையை ஒருவாறு எழுதி முடித்தாள். ஆனால் அந்த அம்மாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"கட்டி ஒண்ணுமில்லேன்னு ஆயிடுச்சு, சந்தோஷம்தான் அக்கா. ஆனா என் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதை அது முந்திக்கிட்டுச் சொல்லிடுச்சே. என் வீட்டு விஷயத்தைச் சொல்ல அது யாருக்கா?"

நேயர்களே! சட்ட நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த அம்மாள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். அந்தரங்கம் என்றால் கெட்ட காரியத்தை மறைப்பது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அவர் மறைத்தது கெட்ட காரியமா? நல்ல நேரம் பார்த்து, நல்ல வார்த்தை தேடி, தாமே சொல்ல நினைத்த துக்கம் அது. எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமைக்குத்தான் அந்தரங்கம் என்று பெயர்.

* * *

நோய்நொடி விவரத்தை வைத்து ஆளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று கூகுள் தன் விளம்பரதாரர்களுக்கு விதி போட்டிருக்கிறது. மெட்டா கம்பெனியும் 2022 ஜனவரியில், உடல்நலம், மதம், அரசியல் போன்ற தலைப்புகளை வைத்து ஆள் பொறுக்கும் வசதியில் பலவற்றை நீக்கியது. இருந்தாலும் விவரம் கசிவது நிற்கவில்லை. குட்ஆர்எக்ஸ் என்ற அமெரிக்க மருந்துத் தள்ளுபடிச் செயலியைப் பற்றி 2023 பிப்ரவரியில் ஒரு வழக்கு வெளிவந்தது. தன்னை நம்பி வந்தவர்களின் மருந்து விவரங்களைப் பேஸ்புக், கூகுள் முதலிய கம்பெனிகளுக்கு அது தெரிவித்தது என்பது குற்றச்சாட்டு. 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அது ஒப்புக்கொண்டது. மேலும், ஆளுக்கொரு போன் உள்ள தேசத்தில் எழுதப்பட்ட ஏற்பாடுகள் இவை. வீட்டுக்கொரு போன் உள்ள நம் ஊரில், அம்மாவின் கவலை மகளின் பாடத்துக்கு நடுவே வந்து நிற்கிறது.

"அந்தக் காலத்தில் மட்டும் நம் விஷயம் யாருக்கும் தெரியாதா?" என்று மச்சான் கேட்டார். தெரியும்தான். மார்க்கெட்டில் நாங்கள் பற்று எழுதி வாங்கிய மளிகைக் கடைக்காரருக்கு எங்கள் வீட்டு அடுப்படி முழுவதும் அத்துபடி. சர்க்கரை குறைந்தால் வீட்டில் யாருக்கோ நீரிழிவு என்று அவருக்குத் தெரியும். மாசக் கடைசியில் எண்ணெய் கால் லிட்டராக இளைத்தால் சம்பளம் எந்த மட்டில் இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் அவர் விஷயம் எங்களுக்கும் தெரியும்! அவர் பெண்ணின் கல்யாணத்துக்கு நாங்கள் பந்தியில் பரிமாறியிருக்கிறோம். ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் அவர் சொன்னார் என்று தெரிந்தால், மறுநாளே கடை வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். ஆகவே அவர் வாயைக் கட்டினார். இப்போது நம் அடுப்படியை அறிந்தவர் முகம் நமக்குத் தெரியாது. கடை வாசல் எந்தத் தேசத்தில் இருக்கிறது என்றும் தெரியாது.

* * *

'உங்களைக் கேட்டுத்தானே வாங்கினார்கள்?' என்று மச்சானிடம் நான் சொன்னதை நினைத்துப் பாருங்கள். கேட்பது என்ற அந்தச் சின்னக் காரியத்தின் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2021 ஏப்ரல் 26-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி ஐபோனில் ஒரு புதிய ஏற்பாடு செய்தது. மற்றக் கம்பெனிகளின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் முதலில் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் பொத்தான் உண்டு. அவ்வளவுதான். திரளான ஜனங்கள் 'வேண்டாம்' என்றார்கள். இந்த மாறுதலால் 2022-ஆம் வருஷத்தில் தனக்கு ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று, பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியே அந்த வருஷம் பிப்ரவரியில் அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 75,000 கோடி ரூபாய்! கேட்காமல் எடுப்பதில் எவ்வளவு லாபம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

இதனால் ஆப்பிளைத் தர்மராஜா என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கேள்வியை நடைமுறைப்படுத்திய விதம் மற்றவர்களுக்குப் பாரபட்சமாக இருந்தது என்று பிரான்ஸ் தேசத்துப் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. கூகுளும் தப்பவில்லை. இடம் குறிப்பதை நிறுத்திவிட்டோம் என்று ஜனங்கள் நம்பிய பிறகும் இடத்தைக் குறித்துக்கொண்டே இருந்தது என்ற வழக்கில், 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

நம் தேசத்தில்? கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, எண்பது வயது தாண்டிய பிறகு 2012-ல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமை என்றார்கள். 2021-ல் வாட்ஸ்ஆப், 'புதிய நிபந்தனையை ஒப்புக்கொள்ளுங்கள்' என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? ஒப்புக்கொள், இல்லையேல் போ என்ற அந்தத் தோரணைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. விளம்பரத்துக்காக விவரத்தைப் பகிர ஐந்து வருஷத் தடையும் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்து வருஷத் தடையை மட்டும் நீக்கியது.

2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. விவரம் எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். நாம் விரும்பினால் அந்த அறிவிப்பு தமிழிலும் கிடைக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் அந்த உரிமை உண்டு. (எங்கள் மலையின் படுக மொழியும் தோடர் மொழியும் அந்த அட்டவணையில் இல்லை என்பது வேறு வருத்தம்.) பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்று, சில விதிவிலக்குகள் தவிர, சட்டம் சொல்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பகுதிகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்று விதிகளில் எழுதியிருக்கிறது.

* * *

அதுவரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நம் தேசத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன். அதன் அமைப்புகள் பகுதிக்குள் போய், தனியுரிமை அல்லது கூகுள் என்ற தலைப்பின் கீழ் விளம்பரங்கள் என்று இருப்பதைத் திறவுங்கள். விளம்பர அடையாள எண்ணை நீக்குவதற்கு அங்கே வழி இருக்கிறது. நீக்கிவிட்டால், செயலிகள் கேட்கும்போது வெறும் பூஜ்யங்கள்தாம் கிடைக்கும். ஐபோன்காரர்கள், பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்தி வைக்கலாம். பிறகு, எந்தெந்தச் செயலிக்கு இடம் தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள். வழி காட்டுகிற செயலிக்கு இடம் தெரிய வேண்டியதுதான்; அதுவும் உபயோகிக்கும்போது மட்டும் போதும். டார்ச்சுக்கும் நாள்காட்டிக்கும் சீட்டாட்டத்துக்கும் நீங்கள் கோத்தகிரியில் இருக்கிறீர்களா கூடலூரில் இருக்கிறீர்களா என்பது எதற்கு? இதனால் விளம்பரங்கள் நின்றுவிடா. கோள் சொல்ல வேறு வழிகளும் அவற்றுக்கு உண்டு. ஆனாலும் வாசல் கதவைச் சாத்திவிட்டோம் என்பது சின்ன விஷயமல்ல.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த எஸ்டேட் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் கைபேசியிலும் தன் அம்மாவின் கைபேசியிலும் இதையெல்லாம் பத்தே நிமிஷத்தில் செய்து முடித்தாள். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இது ஊமையா, கண்ணு?" என்று கேட்டார்.

"ஊமை ஆகாதும்மா. வாய் கொஞ்சம் சின்னதாச்சு" என்றாள் பெண்.

மச்சானிடம் இதைப் போனில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்றைக்கு நான் சாவடியைப் பற்றிக் கேட்டேனே மாப்பிள்ளை, அந்தக் கேள்வி தப்பா?" என்றார்.

"கேள்வி ரொம்பச் சரி, மச்சான். 'எதற்கு என் விவரம்?' என்று எல்லாரும் கேட்க வேண்டியதுதான். காவலரைக் கேட்டீர்கள், பதில் கிடைத்தது. அதே கேள்வியைச் சட்டைப் பைக்குள் இருப்பவனிடமும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்" என்றேன்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள், நேயர்களே!